உறுப்பினருக்கு ஒரு ஸ்டூல்

ஜனவரி 9

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

குடிநீர்க் கட்டண ஒழுங்குமுறை ஆணையத்தில் என்னை உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள். உத்தரவு இன்று காலை கைக்கு வந்தது. நேர்முகத்துக்கு என்று தலைநகர் வந்தவன் இனி ஊர் திரும்புவதற்கில்லை. இங்கேயே வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி? மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியதா?

ஆணையத்தில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. இன்னொருவர் பொறியாளர். மூன்றாவது இடம் வணிக அனுபவம் உள்ளவருக்கு என்று சட்டத்திலேயே இருக்கிறது. தேர்வுக் குழுவில் என் அனுபவத்தைக் கேட்டார்கள். "வழி கேக்க வந்தவன்கூட என் குழாய்க் கடையில ஒரு டேப் வாங்காமப் போனதில்ல" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

பதவி ஐந்து வருஷம். நடுவில் சும்மா தூக்க முடியாது. விசாரணை வைத்துக் குற்றம் என்று தீர்ப்பானால்தான் வெளியே அனுப்பலாம். சம்பளத்தையும் குறைக்கக் கூடாது. நம் கடை மோட்டாருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நான் கேரண்டி கொடுத்ததில்லை. எனக்கு ஐந்து வருஷம் கொடுக்கிறார்கள்.

ஒரே சிக்கல். உறுப்பினருக்குத் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தத் தொழிலிலும் பங்கு இருக்கக் கூடாது. மனைவி பேரிலும் கூடாது, பிள்ளைகள் பேரிலும் கூடாது. குழாய்க் கடையில் குழாய்தான் இருக்கிறது, தண்ணீர் இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். செயலாளர் சிரிக்கக்கூட இல்லை. ஆனால் கூடப் பிறந்தவளைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. விதி எழுதியவனுக்குத் தங்கச்சி கிடையாது போலிருக்கிறது.

ஆகவே கடையை உன் பேருக்கு எழுதிவிடலாம். கோர்ட்டில் டைப் அடித்தே ஓய்வு பெற்றவள் நீ. பத்திரத்தை நீயே அடித்து அனுப்பு. கடையில் எதையும் மாற்றாதே. எல்போவும் வால்வும் இருந்த பெட்டியிலேயே இருக்கட்டும். கவுண்டரில் நம் பெரிய சட்டை இருக்கிறான். இரண்டு ஆள் சட்டையைப் போட்டுக்கொண்டு அரை ஆள் வேலை பார்ப்பான், அதட்டினால் முழு ஆள். யாராவது விலை கேட்டால் முதல் தடவை காதில் விழாத மாதிரி இரு. ஐந்து வருஷம் கழித்து என்ன என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். விதிப் புத்தகத்தின் ஒரு பிரதியும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், சும்மா பார்.

முழங்காலுக்குத் தைலம் தேய்.

அண்ணன்

*

ஜனவரி 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குப் பதவி கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. இவர் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்து, "உங்கண்ணன் இனிமே தண்ணிக்கே ரேட் போடுவாரு" என்று சிரித்துக்கொண்டே இருக்கிறார். முழங்கால் மாடிப்படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. அண்ணிக்குப் புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

பத்திரம் அடித்து வைத்திருக்கிறேன். விலை என்று என் ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் குறித்து, அதை உங்கள் வங்கிக் கணக்கிலும் போட்டாயிற்று. மூன்றாம் பக்கத்தில் "எந்த உரிமையும் மீதம் வைக்காமல்" என்று ஒரு வரி வரும். அதை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். கடையை எனக்கு விற்கிறீர்களா, அல்லது பார்த்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? இரண்டுக்கும் நான் சரிதான். எது என்று தெரிந்தால் போதும்.

உடம்பைக் கவனியுங்கள்.

தங்கச்சி

*

பிப்ரவரி 17

தங்கச்சிக்கு,

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், வந்திருக்கும். நீ அடித்ததை நான் உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்ன? பணத்தை எதற்கு நிஜமாகவே போட்டாய்? சரி, கிடக்கட்டும், வட்டியாவது ஏறும். உன் அண்ணிக்கு ஜலதோஷம், மற்றபடி நலம்.

பதவிப் பிரமாணம் எடுத்தேன். பாரபட்சம் பார்க்க மாட்டேன், உள்ளே பேசியதை வெளியே சொல்ல மாட்டேன் என்று இரண்டு பிரமாணம். அதனால் எந்த ஊர் நிறுவனத்தின் வழக்கு நடக்கிறது என்று உனக்குச் சொல்லப்போவதில்லை. ஒரு நிறுவனம். ஆயிரம் லிட்டருக்கு ஆறு ரூபாய் இருக்கும் கட்டணத்தைப் பத்தாக்க வேண்டுமாம். வக்கீல் காலையிலிருந்து படித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பசி. "உங்க பத்தும் வேண்டாம், எங்க ஆறும் வேண்டாம், எட்டுன்னு முடிச்சுட்டுக் கிளம்புங்க" என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உறுப்பினரே, இங்க விலை பேசுறதில்ல. காரணம் எழுதணும்" என்றார். விலைக்குக் காரணம் சொல்கிற கடை எங்காவது உண்டா?

இன்னொரு கொடுமை. வழக்குக்கு வருகிறவர்கள் வாங்கித் தருகிற தேநீரைத் தொடக் கூடாது. என் கடைக்கு வந்தவன் தேநீர் குடிக்காமல் போனதில்லை. நான் இங்கே தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முக்கால் அங்குலக் குழாய் வந்து இறங்கியதா? பெரிய சட்டை நேரத்துக்கு வருகிறானா? மோட்டார் ஏதாவது போயிற்றா? உடனே எழுது.

அண்ணன்

*

மார்ச் 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். நாங்கள் நலம். இவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. அண்ணியின் ஜலதோஷம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். தண்ணீர் சார்ந்த தொழில் செய்கிறவர்களோடு உறுப்பினர் தொழில் பேசக் கூடாது என்று பதினோராம் விதி சொல்கிறது. நான் இப்போது தண்ணீர் சார்ந்த தொழில் செய்கிறவள். ஆகவே உங்கள் கேள்விகள் எதற்கும் நான் பதில் எழுத முடியாது. நீங்கள் கேட்பதும் தவறு. உடம்பைப் பற்றிக் கேட்கலாம்.

நான் ஜனவரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

முழங்கால் பரவாயில்லை. முன்னைவிட உயரமான நாற்காலியில் உட்காருகிறேன். எங்கே என்று சொல்ல முடியாது.

தங்கச்சி

*

ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

விதியை எனக்கே எடுத்துக் காட்டுகிறாயா? போனில் கூப்பிட்டால் "அண்ணி நல்லாயிருக்காங்களா, சரி வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். மாப்பிள்ளையிடம் கேட்டால் "எனக்குச் சர்க்கரையைப் பத்தி மட்டும்தான் தெரியும்" என்கிறார். வீட்டுக்கு வீடு இப்படி ஒரு ஆணையம் இருந்தால் நாடு உருப்பட்டுவிடும்.

நான் நலம் இல்லை. தூக்கத்தில் குழாய் அளவெல்லாம் சொல்கிறேனாம். உன் அண்ணி பக்கத்து அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டாள். இங்கே ஆணையத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு குழாய்க் கடை இருக்கிறது. சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் பசை வாசனை வருகிறது. உள்ளே போய் ஒரு வால்வு விலை கேட்டேன். சொன்னான். பாதியில் ஆரம்பித்து ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வேண்டாம் என்று வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். மூன்றாம் தடவை கடைக்காரன் என்னைக் கண்டதும், "ஐயா, நீங்க வாங்கவே வேண்டாம், இந்தத் தெருவில வராம இருந்தா போதும்" என்றான். நாற்பது வருஷத்தில் நான் எத்தனை பேரை மனதுக்குள் அப்படித் திட்டியிருப்பேன், வாய்விட்டுச் சொன்னதில்லை. அவன் நல்ல வியாபாரி இல்லை.

கடை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று மட்டுமாவது எழுது. அது தொழில் இல்லை, ஆரோக்கியம்.

அண்ணன்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் தூக்கம் சரியாயிற்றா? மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். தெருவில் போகிற எவர் கண்ணிலும் படுகிற விஷயம்தான்; ரகசியம் இல்லை. கடையின் போர்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கச்சி

*

ஜூலை 11

தங்கச்சிக்கு,

போர்டில் பெயிண்ட் அடித்தது தெரியும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நேற்று விசாரணை. பிப்ரவரியில் எழுதினேனே, அந்த நிறுவனத்தின் இந்த வருஷச் செலவுக் கணக்கு வந்தது. இனி எந்த நிறுவனம் என்று மறைத்துப் பயனில்லை: நம் ஊருக்குத் தண்ணீர் விடுகிறவர்கள்தான். என்னிடம் வாங்குவதை எப்போதோ நிறுத்தியவர்கள். நான் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் இன்னும் குறை என்பார்கள். குழாய் வாங்கிய விலையை வக்கீல் படித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விலையை நான் கனவில்கூட அவர்களிடம் கேட்டதில்லை. "இந்த விலைக்கு இவங்க தலையில கட்டின ஆள் யாருங்க? அவருக்கு ஒரு மாலை போடணும்" என்றேன்.

அவர்கள் கணக்காளர் பக்கத்தைப் புரட்டிப் படித்தார்: "தங்கச்சி பைப் ஸ்டோர்ஸ். அடைப்புக்குறிக்குள்ளே, முன்னாள் அண்ணன் பைப் ஸ்டோர்ஸ்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது பயம் இல்லை. பெருமை. அந்த விலை! பிறகுதான் வியர்த்தது.

தலைவர் மெதுவாக, "உறவா?" என்றார்.

"கூடப் பிறந்தவ."

நீ விற்றது குற்றம் இல்லை, நான் அங்கே உட்கார்ந்திருந்ததுதான் தவறு என்று சொல்லி, இந்த வழக்கு முடியும்வரை என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. அடுத்த அமர்வுக்குள் நான் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்: கடையை விற்றது நிஜமா, திரும்ப எடுத்துக்கொள்வதாக ஏதாவது பேச்சு உண்டா என்று. பேச்சு உண்டு என்றால் விசாரணை, பதவி நீக்கம், பத்திரிகையில் படம். இல்லை என்று எழுதினால் பதவி நிற்கும். ஆனால் எழுதினால் எழுதியதுதான். கடை திரும்பாது.

காகிதம் மேஜையில் கிடக்கிறது. நீ சொல். நமக்குள்ளே பேச்சு ஏதாவது உண்டா?

உன் முழங்காலைக் கேட்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறது?

அண்ணன்

*

ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் நலம். நான் ஜனவரியில் கேட்டது இதைத்தான்.

பேச்சு எதுவும் இல்லை. "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் எழுதினீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் எதற்கும் சரி என்று சொல்லவில்லை.

அந்த நிறுவனத்தின் வழக்கு உங்களிடம் இருப்பது எனக்குத் தெரியாது. நீங்கள் உங்கள் பிரமாணத்தைக் காப்பாற்றினீர்கள், நான் பதினோராம் விதியைக் காப்பாற்றினேன். இரண்டு பேரும் ஒழுங்காக இருந்ததில் வந்த வினை இது. விலையைப் பற்றிக் கேட்டால் சொல்கிறேன், இப்போது எல்லாம் வெளியே வந்துவிட்டதே. அவர்கள் ஆள் வந்து வழக்கம்போல் "குறைச்சுக்க" என்றார். நான் டைப் அடித்த காகிதத்தை நீட்டினேன். குழி தோண்டும் இடத்துக்கே குழாய் வந்து சேரும், உடைந்தால் மாற்றித் தருவேன், பணம் தாமதமானால் இவ்வளவு கூடும். "கம்மி விலைக்கும் காகிதம் அடிச்சுத் தரேன், ஆனா அதுல இது எதுவும் இருக்காது" என்றேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு இதில் கையெழுத்துப் போட்டார். நீங்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து விலையைக் குறைத்தீர்கள். நான் தேநீர் கொடுக்கவில்லை.

அண்ணா, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆயுள் முழுக்க அடுத்தவர்கள் சொத்தைத்தான் டைப் அடித்தேன். வாங்குபவர் பேர், விற்பவர் பேர், நாலு எல்லை. முதல் தடவையாக என் பேரை நானே அடித்தேன். எனக்குக் கடை வேண்டும். உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் நேராகக் கேளுங்கள், கொடுத்துவிடுகிறேன். நீங்கள் அங்கே ராஜினாமா எழுதிவிட்டு வாருங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. பொய்யாக எழுதித் தராதீர்கள். அப்படிப்பட்ட உறுதிமொழிகள் கோர்ட்டில் கிழிபடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அடித்தவள் நான்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள்.

தங்கச்சி

*

ஆகஸ்ட் 30

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், அதற்கு முன் வேறு இரண்டு காகிதம் எழுத வேண்டியிருந்ததுதான்.

ராஜினாமாக் கடிதத்தை ஒரு தடவை எழுதினேன். உன் அண்ணி படித்துவிட்டு, "கடைக்குப் போய் என்ன பண்ணுவீங்க? அவ வித்த விலைக்கு உங்களால விக்க முடியுமா?" என்றாள். உனக்கு அவள் இவ்வளவு வேண்டியவள் என்று எனக்குத் தெரியாது. கிழித்துப் போட்டேன். சாயங்காலம் அந்தக் குழாய்க் கடைக்குப் போனேன். வால்வு ஒன்றை அவன் சொன்ன விலைக்கே வாங்கினேன். அவன் பயந்துபோய், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான்.

பிறகு உறுதிமொழி எழுதினேன். எழுதியது இவ்வளவுதான்: "கடையை என் தங்கை முழு விலை கொடுத்து வாங்கினாள். திரும்பக் கொடுப்பதாக அவள் சொல்லவில்லை. திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் மட்டும் மனதில் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை."

தலைவர் இரண்டு தடவை படித்தார். சட்ட அலுவலரைக் கூப்பிட்டு, உறுப்பினர் மனதுக்குள் நினைத்தது விதிப்படி பங்கு ஆகுமா என்று கேட்டார். சட்ட அலுவலர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நினைக்கிறதுக்கு விதி இல்லைங்க" என்றார். ஏற்றுக்கொண்டார்கள். பதவி நிற்கிறது. கடை உன்னுடையது, எந்த உரிமையும் மீதம் வைக்காமல். அந்த மூன்றாம் பக்கத்தை நேற்றுத்தான் முதல் தடவையாகப் படித்தேன். நன்றாக அடித்திருக்கிறாய்.

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் உள்ளே தீர்ப்பு வந்தது. உன் குழாய் விலை நியாயம் என்றார்கள். பொறியாளர் ஏழு என்றார், தலைவர் எட்டு என்றார். வாக்குச் சமமானால் தலைவர் வாக்குத்தான். ஆயிரம் லிட்டருக்கு எட்டு ரூபாய். நாற்பது பக்கம் காரணம். நான் பிப்ரவரியில் பசியோடு சொன்ன அதே எட்டு! தலைவர் வெளியே வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றார். அந்த எட்டைச் சொல்லிக்காட்டாமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்று. பதவி முடிந்த பிறகும் இரண்டு வருஷம் தண்ணீர் சம்பந்தப்பட்ட இடத்தில் சம்பளத்துக்கு உட்காரக் கூடாது என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதையும் நேற்றுத்தான் படித்தேன். ஐந்து வருஷம் முடிந்த பிறகு நான் எங்கே போய் உட்காருவேன்? பூங்காவில் உட்கார்ந்து கிழவர்களோடு அரசியல் பேச என்னால் ஆகாது. கடையில் எனக்கு ஓர் இடம் கொடுப்பாயா? கேட்டுவிட்டேன். உன் நிபந்தனையைச் சொல்.

அண்ணன்

*

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கடிதத்தைப் படித்துவிட்டு இவர் வாசல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார், தூசி என்கிறார்.

உங்கள் நியமனத்துக்காக நான், இவர், பெரிய சட்டை மூவரும் தேர்வுக் குழுவாகக் கூடினோம். பெரிய சட்டை உங்களை நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும் என்றான். எதற்கு என்றேன். "அவரு என்னைக் கேட்ட கேள்வியெல்லாம் நான் ஒரு தடவை அவரைக் கேக்கணும்" என்றான். வேண்டாம் என்று பெரும்பான்மையில் முடிவாயிற்று. விதிகள் கீழ்வருமாறு.

உறுப்பினர் பதவிக்கு வயது வரம்பு இல்லை. இடம், வாசலோர ஸ்டூல். கல்லாப்பெட்டி நாற்காலி தலைவருக்கு மட்டும். தலைவர் சாப்பிடப் போனாலும் அதில் உட்காரக் கூடாது. உறுப்பினர் வாடிக்கையாளரிடம் விலை சொல்லக் கூடாது, குறைக்கவும் கூடாது. கருத்து இருந்தால் காரணத்தோடு என்னிடம் சொல்லலாம். சம்பளம் கிடையாது, கொடுத்தால் உங்கள் இரண்டு வருஷ விதியை மீறியதாகும். உறுப்பினரைக் காரணமின்றி நீக்க முடியாது. நீக்க வேண்டுமானால் விசாரணை உண்டு. விசாரணை அதிகாரி அண்ணி. தேநீர் உறுப்பினரின் சொந்தச் செலவு.

சம்மதமானால் எழுதுங்கள். மூன்றாம் பக்கம் இல்லை, படித்துவிடலாம்.

தங்கச்சி

*

செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

இரண்டு தடவை படித்தேன். நாங்கள் நலம், விசாரணை அதிகாரி ரொம்பவே நலம், நியமன உத்தரவை இப்போதே கேட்கிறாள்.

எல்லாம் சம்மதம், தேநீர் தவிர. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று; இரண்டும் கடைச் செலவு. சும்மா கேட்கவில்லை, காரணம் எழுதுகிறேன், அதை இங்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். வாசலில் ஓர் ஆள் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், தெருவில் போகிறவன் இது நன்றாக நடக்கிற கடை என்று நினைப்பான். அது விளம்பரம். விளம்பரச் செலவு கடையைச் சேர்ந்தது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அனைவரும் நலம். முழங்கால் இப்போது பேசுவதே இல்லை. அண்ணிக்கு நியமன உத்தரவு தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் காரணம் பரிசீலிக்கப்பட்டது. காலையில் தெருவில் கூட்டம் உண்டு, ஆகவே அது விளம்பரம்தான். மாலையில் எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிறார்கள், உங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. முடிவு: கடை என்னுடையது, ஸ்டூல் உங்களுடையது. காலைத் தேநீர் கடைக் கணக்கு, மாலைத் தேநீர் உங்கள் கணக்கு.

தங்கச்சி